பூச்சி மருந்து லேபிளைப் பார்த்தே அதோட குலம் கோத்திரம் கண்டுபிடிக்கிறது எப்படி?

போன மாசம் எங்க பழைய மாட்டுக்கொட்டாயை இடிச்சப்ப பரண்ல இருந்து ஒரு தகர டப்பா வந்துச்சு, துரு ஏறி, லேபிள் முக்கால்வாசி எலி தின்னு, "10%"ங்கிறது மட்டும் மிச்சமா நின்னுச்சு. மூடியைத் தொடவே இல்ல, கையில எடுத்ததுக்கே பூசணம் புடிச்ச கோணிச்சாக்கு மாதிரி ஒரு வாடை. திண்ணையில உக்காந்திருந்த அப்பா அங்க இருந்தே "டேய் அது காமாக்சின், கீழ வை, கையைக் கழுவு"ன்னாரு. லேபிள் படிக்கல, வாடைதான். அவர் காலத்து ஆளுங்களுக்கு அது போதும்.

நமக்கு அந்த மூக்கு கிடையாது, மோந்து பார்த்துப் பழகவும் வேண்டாம். ஆனா லேபிளைப் படிக்கத் தெரிஞ்சா கடையில இருக்கிற எந்த பாட்டிலா இருந்தாலும் அது எந்தக் குடும்பம், எந்தக் காலத்துல யார் எதுக்குக் கண்டுபிடிச்சது, உடம்புல எங்க போய் அடிக்கும்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிரலாம். நான் வேளாண்மை படிச்சவன் இல்ல, ரெண்டு ஏக்கர் கடலையும் கொஞ்சம் காய்கறியும் போடுறவன், ஏமாந்து ஏமாந்து கத்துக்கிட்டதுதான்.

பெரிய எழுத்தைப் படிக்காதீங்க

லேபிள்ல பெருசா, கலர்ல, புலி சிங்கம் படத்தோட இருக்கிறது கம்பெனி வச்ச பேரு. அது நமக்குத் தேவையே இல்ல. அதுக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு பேரும் பக்கத்துல ஒரு சதவீதமும் இருக்கும், பின்னாடி பக்கம் ஒரு சின்ன அட்டவணையில அதே பேரு திரும்ப வரும், கூட கரைப்பான் இவ்ளோ, கலக்குற பொருள் இவ்ளோ, மொத்தம் 100னு போட்டிருக்கும். அந்த பொடி எழுத்துதான் உண்மையான பேரு.

நான் இதுல ஒரு வருஷம் நல்லா ஏமாந்தேன். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது, மாத்தி மாத்தி அடிக்கணும்னு யாரோ சொன்னதைக் கேட்டு, முதல் தடவை ஒரு பேரு, ரெண்டாவது தடவை வேற பேருன்னு கடைக்காரர் குடுத்ததை வாங்கி அடிச்சேன். சீசன் முடிஞ்சு காலி பாட்டிலை ஓரமா வச்சுப் பார்த்தா ரெண்டுலயும் பொடி எழுத்துல குளோர்பைரிபாஸ். மாத்தினது ஸ்டிக்கரை மட்டும்தான்.

இந்தப் பேரு விளையாட்டு நேத்து ஆரம்பிச்சது இல்ல. டிடிடியை சுவிட்சர்லாந்து பாசல் நகரத்துல கெய்கி கம்பெனி விக்க ஆரம்பிச்சப்பவே வயலுக்கு கெசரால், மனுஷன் மேல இருக்கிற பேனுக்கு நியோசிட்னு ஒரே சரக்குக்கு ரெண்டு பேரு. பாரத்தியானுக்கு ஜெர்மனியில ஈ 605னு பேரு, நம்ம ஊர்ல ஃபாலிடால். பெரியவங்க யாராவது "ஃபாலிடால் அடிச்ச காலம்"னு சொன்னா அது பாரத்தியான்தான்.

அடுத்து பேரோட வாலைப் பாருங்க

பொடி எழுத்துப் பேரோட கடைசி ரெண்டு மூணு எழுத்துலதான் குடும்பம் ஒளிஞ்சிருக்கு. ஊர்ல ஆள் பேரை வச்சு வகையறா கண்டுபிடிக்கிற மாதிரிதான், சில பேரு நல்லா ஏமாத்தும், அதையும் சொல்றேன்.

முதல்ல வயசான குடும்பம், குளோரின் குடும்பம். டிடிடி, பிஎச்சி (அப்பா சொன்ன காமாக்சின் இதுதான்), அப்புறம் "ட்ரின்"னு முடியிற ஆல்ட்ரின், டீல்ட்ரின், எண்ட்ரின், கடைசியா எண்டோசல்ஃபான். இதுல எதுவும் இப்ப நம்ம ஊர் கடையில வயலுக்குக் கிடைக்கக் கூடாது, பரண்லயும் குடோன்லயும்தான் மாட்டும். டீல்ட்ரின், ஆல்ட்ரின்ங்கிற பேரே டீல்ஸ், ஆல்டர்னு ரெண்டு ஜெர்மன் வேதியியல் ஆளுங்க பேர்ல இருந்து வந்தது, அவங்க கண்டுபிடிச்ச வினையை வச்சு செஞ்ச சரக்குங்கிறதால.

இந்தக் குடும்பத்துல ஒரு வேடிக்கை, பிஎச்சியும் டிடிடியும் ரொம்ப காலம் சும்மா கிடந்த சரக்கு. பிஎச்சியை 1825லயே மைக்கேல் ஃபாரடே செஞ்சுட்டாரு, ஆமா கரண்ட்டுக்காரர் ஃபாரடேதான். பூச்சியைக் கொல்லும்னு தெரிய 1940கள் வரைக்கும் ஆச்சு, அதுவும் ரெண்டாம் உலகப் போர்ல கிழக்க இருந்து வந்துட்டிருந்த டெரிஸ் வேர் மருந்து நின்னு போக, பிரிட்டன்ல முள்ளங்கி மாதிரியான டர்னிப் பயிரைத் துளைக்கிற வண்டுக்கு மாத்து தேடப் போய் மாட்டினது. அதுல பூச்சியைக் கொல்ற பாகம் காமா வகை மட்டும்தான், நூத்துக்கு பன்னெண்டு பதினஞ்சுதான் இருக்கும், மிச்சமெல்லாம் சும்மா கூட வர்ற கூட்டம், அந்த பூசண வாடையும் அந்தக் கூட்டத்தோடதுதான், உருளைக்கிழங்கு வயல்ல போட்டா கிழங்கே அந்த வாடை அடிக்கும். காமாங்கிறதால காமாக்சின். எங்க அப்பா மூக்கு புடிச்சது 1825ல செஞ்ச சரக்கைன்னு அவர்கிட்ட சொன்னேன், "அப்ப நம்ம டப்பா அவ்ளோ பழசாடா?"ன்னாரு.

டிடிடி கதையும் அப்படித்தான். 1874ல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓத்மர் சைட்லர்னு ஒரு மாணவர் செஞ்சு, எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு. அறுபத்தஞ்சு வருஷம் கழிச்சு, 1939ல கெய்கியில வேலை பார்த்த பால் முல்லர் அதையே திரும்ப செஞ்சு ஈ மேல சோதிச்சாரு. கெய்கி அடிப்படையில சாயக் கம்பெனி, முல்லரும் சாயம், தோல் பதப்படுத்துற சரக்குன்னு வேலை பார்த்தவர்தான். 1935ல இருந்து நாலு வருஷமா ஒவ்வொரு சரக்கா கண்ணாடிக் கூண்டுக்குள்ள தெளிச்சு ஈயை விட்டுப் பார்த்துட்டு இருந்திருக்காரு. எதுவும் ஒத்து வரல. இதைத் தெளிச்சதும் உடனே ஒண்ணும் ஆகல, கொஞ்ச நேரம் கழிச்சு ஈ எல்லாம் மல்லாந்து விழுந்து காலை உதைக்குது. சரின்னு கூண்டை நல்லா கழுவிட்டு புது ஈயை விட்டா அதுவும் சுவத்துல உக்காந்ததும் விழுது, திரும்பக் கழுவினாலும் விழுது, கடைசியில கூண்டையே கழட்டி சுத்தம் பண்ணி ஒரு மாசம் வெளிக்காத்துல போட்டு வச்ச பிறகுதான் அவரால அடுத்த சோதனை செய்ய முடிஞ்சதாம், அவரே நோபல் உரையில சொல்லியிருக்காரு.

அந்தக் கூண்டை மனசுல வச்சுக்கங்க, டிடிடியோட நல்லது கெட்டது ரெண்டும் அதுலயே இருக்கு. ஒரு நல்ல பூச்சி மருந்து எப்படி இருக்கணும்னு முல்லர் ஒரு கணக்கு போட்டு வச்சிருந்தாரு: பூச்சிக்கு விஷமா இருக்கணும், சீக்கிரம் வேலை செய்யணும், மனுஷனுக்கும் பயிருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது, வாடை கூடாது, பல பூச்சியைக் கொல்லணும், ரொம்ப நாள் நிக்கணும், விலை கம்மியா இருக்கணும். டிடிடி வேகத்துல மட்டும்தான் கொஞ்சம் பின்தங்கினதுன்னு அவர் கணக்கு. ரொம்ப நாள் நிக்கணும்னு கேட்டாரு, நின்னுச்சு, கொழுப்புல போய் தங்கி மீன், பறவை, தாய்ப்பால் வரைக்கும் போய் நின்னுச்சு. ஆனா அன்னைக்கு நிலைமையில வச்சுப் பாருங்க, சுவிட்சர்லாந்து உருளைக்கிழங்கை கொலராடோ வண்டு தின்னுட்டு இருக்கு, சுத்தி போர், ஈயம் கலந்த ஆர்செனிக் மாதிரி சரக்குதான் அதுவரைக்கும் பெரும்பாலும் பூச்சி மருந்து. அந்த இடத்துல இது கிடைச்சா யார்தான் வேண்டாம்பா? 1943 கடைசியில இத்தாலி நேப்பிள்ஸ்ல பேன் பரப்புற டைஃபஸ் காய்ச்சல் வந்தப்ப பத்து லட்சத்துக்கும் மேல ஜனங்க சட்டைக்குள்ள பவுடரை ஊதி விட்டுப் பேனைக் கொன்னாங்க, நோயும் நின்னுச்சு. 1948ல முல்லருக்கு மருத்துவ நோபல். அவர் டாக்டர் இல்ல.

நம்ம நாட்டுக்கு வந்ததும் அதே 1948தான், மலேரியாவுக்கு டிடிடியும் வெட்டுக்கிளிக்கு பிஎச்சியும் இறக்குமதி பண்ணாங்க, அப்புறம் ரெண்டையும் இங்கயே செய்ய ஆரம்பிச்சாச்சு. வயலுக்கு டிடிடி 1989ல நின்னுச்சு, பிஎச்சி 1997ல. அந்தத் தேதியை வச்சுத்தான் எங்க டப்பாவுக்கு வயசு குறைஞ்சது இருபத்தஞ்சுக்கு மேலன்னு முடிவு பண்ணேன்.

"பாஸ்", "தயான்"னு முடிஞ்சா

இது பாஸ்பரஸ் குடும்பம். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரொபனோபாஸ், குயினால்பாஸ், மாலத்தியான், அந்த பாரத்தியான். முதல் ஏமாத்து இங்கதான், குளோர்பைரிபாஸ்ல முன்னாடி குளோர்னு இருக்கேன்னு குளோரின் குடும்பத்துல சேத்துராதீங்க, தலையைப் பார்க்காம வாலைப் பாருங்கன்னு சொன்னது இதுக்குத்தான். வாலே இல்லாத பசங்களும் உண்டு, அசிபேட், டைமீத்தோயேட் ரெண்டும் இதே வீட்டுப் பிள்ளைங்க.

இந்தக் குடும்பத்தோட தாத்தா ஜெர்மனி லெவர்குசன்ல இருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர். ஐஜி ஃபார்பன்ங்கிற பெரிய கம்பெனிக்காரர். வெளிநாட்டுல இருந்து வர்ற சரக்கை நம்பாம, செடிப்பேன் மாதிரி பூச்சிக்கு உள்நாட்டுலயே மருந்து செய்யணுங்கிறது அவர் வேலை. 1936 டிசம்பர்ல ஒரு சரக்கு செஞ்சாரு, ரெண்டு லட்சத்துல ஒரு பங்கு கலந்து அடிச்சாலே செடிப்பேன் மொத்தமும் காலி. சந்தோஷத்தோட அடுத்த மாசம் லேப்ல வேலை செய்றப்ப ஒரு சொட்டு மேசையில சிந்திருச்சு. கொஞ்ச நேரத்துல அவருக்கும் உதவியாளருக்கும் தலை சுத்துது, மூச்சு முட்டுது, லைட் எரிஞ்சும் ரூம் இருட்டா தெரியுது, கண்ணாடியில பார்த்தா கருவிழி நடுவுல இருக்கிற பாப்பா ஊசிமுனை அளவுக்கு சுருங்கிக் கிடக்குது. தேறி வர மூணு வாரம் ஆச்சு. அந்தச் சரக்குதான் டபுன். ராணுவத்துக்கு ஆகுற கண்டுபிடிப்பை அரசாங்கத்துக்கு சொல்லியே ஆகணும்னு அங்க சட்டம் இருந்ததால, செடிப்பேன் மருந்து நேரா போர் விஷவாயு லிஸ்ட்டுக்குப் போயிருச்சு. 1938ல அதே வகையில இன்னொரு விஷவாயு, சரின். ஷ்ராடர் மறுபடி மறுபடி மனுஷனை விட்டுட்டு பூச்சியை மட்டும் கொல்ற ஒண்ணைத் தேடிட்டே இருந்து 1944ல வந்து நின்ன இடம் பாரத்தியான். வாயு அளவுக்கு மோசம் இல்ல, ஆனா மனுஷனை விட்டுருச்சுன்னும் சொல்ல முடியாது. போர் முடிஞ்சதும் ஜெயிச்ச நாட்டுக்காரங்க அவரை விசாரிச்சு குறிப்பெல்லாம் எடுத்துட்டுப் போனாங்க, கொஞ்ச வருஷத்துல பாரத்தியான் எல்லா ஊர் வயல்லயும். 1950ல வந்த மாலத்தியான்தான் இந்த வீட்டுல ஓரளவு சாது.

விஷமுறிவு வரியைப் படிச்சா குடும்பம் உறுதியாகும்

பேரு குழப்பமா இருந்தா லேபிள்லயோ உள்ள மடிச்சு வச்ச தாள்லயோ விஷமுறிவுன்னு ஒரு வரி இருக்கும், அதுக்குப் போயிருங்க. அட்ரோபின்னு போட்டிருந்தா பாஸ்பரஸ் குடும்பம் இல்லன்னா அதோட பங்காளி கார்பமேட் குடும்பம். அட்ரோபினோட இன்னொரு மருந்து பேரும், பிராலிடாக்சைம்னு, சேர்த்துப் போட்டிருந்தா பாஸ்பரஸேதான். தனியா முறிவு மருந்து இல்ல, அறிகுறிக்கு ஏத்த சிகிச்சைன்னு போட்டிருந்தா இது வேற வகை.

காரணம் இதுதான். நரம்புல இருந்து தசைக்கு சேதி கொண்டு போற ஒரு பொருள் இருக்கு, சேதி சேர்ந்ததும் அதை உடனே துடைச்சு எடுக்க ஒரு நொதி இருக்கு. பாஸ்பரஸ் குடும்பம் அந்த நொதியைப் போய் கட்டிப் போட்டுரும். துடைக்க ஆளில்லாம சேதி மேல சேதி குவியும், அதான் எச்சில் ஒழுகுறது, வேர்த்துக் கொட்டுறது, கண் பாப்பா சுருங்குறது, தசை துடிக்கிறது, மூச்சுத் திணறல். ஷ்ராடர் கண்ணாடியில பார்த்தது அதைத்தான். அட்ரோபின் அந்த சேதி போய் சேர்ற வாசலை அடைக்கும். நம்ம ஊமத்தையில இருக்கிறதும் அதே வகை சரக்குதான், அதனாலதான் ஊமத்தை தின்னா கண் பாப்பா விரிஞ்சு போகும். தயவு செஞ்சு யாரும் இதைப் படிச்சுட்டு மருந்து அடிச்சு மயங்கினவனுக்கு ஊமத்தையை அரைச்சுக் குடுத்துராதீங்க. பாட்டிலைக் கையோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, டாக்டருக்கு வேண்டியது அந்த பொடி எழுத்துதான்.

கார்பமேட் பத்தி சுருக்கமா: கார்பரில், கார்போபியூரான் குருணை, தயோடிகார்ப் எல்லாம் இது. கலபார் அவரைன்னு ஆப்பிரிக்கக் கொட்டையில இருந்த விஷத்தைப் பார்த்து அதே சாயல்ல லேப்ல செஞ்சது, 1950கள்ல கார்பரில் செவின்ங்கிற பேர்ல வந்தப்ப பெரிய பேரு எடுத்துச்சு. 1984 போபால் யூனியன் கார்பைடு ஆலையில செஞ்சுட்டு இருந்தது இந்த செவினைத்தான், கசிஞ்ச வாயு அதுக்கான மூலப்பொருள். இங்க ரெண்டாவது ஏமாத்து, இண்டாக்சாகார்ப் கார்ப்னு முடியும், ஆனா இந்த வீடு இல்ல, வேலை செய்யிற விதமே வேற.

த்ரினும் ட்ரினும் ஒண்ணு இல்ல

தமிழ்ல எழுதுறப்ப இது பெரிய தலைவலி. எண்ட்ரின் "ட்ரின்", பழைய குளோரின் குடும்பம். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் "த்ரின்", இது சாமந்தி வகைப் பூவுல இருந்து எடுத்த பைரித்ரத்தைப் பார்த்து செஞ்சது. பூ மருந்து வெயில் பட்டா செத்துரும், வயலுக்கு உதவாது. வெயில் தாங்குற பெர்மெத்ரினை 1973ல இங்கிலாந்து ரோத்தம்ஸ்டட்ல மைக்கேல் எலியட் குழு கொண்டு வந்துச்சு.

ஆனா இவங்களுக்கு ஒரு பழைய கடன் இருந்துச்சு. த்ரின் வகையும் டிடிடியும் வேற வேற வீடு, ஆனா பூச்சி நரம்புல ரெண்டும் தட்டுறது ஒரே கதவை, சோடியம் போற வழி. டிடிடிக்கு அசராத வீட்டு ஈ 1946லயே ஸ்வீடன்ல வந்தாச்சு, விக்க ஆரம்பிச்சு அஞ்சாறு வருஷம்தான். பின்னாடி பல இடத்துல பூச்சி அந்தக் கதவையே மாத்தி வச்சிருச்சு, அந்த மாதிரி இடத்துல புது த்ரின் வந்து தட்டினாலும் திறக்கல. அதனால மருந்தை மாத்துறேன்னா பேரை மாத்தினா பத்தாது, வீட்டை மாத்தினாலும் சில சமயம் பத்தாது, கதவையே மாத்தணும். சில லேபிள்ல குரூப் 1பி, 3ஏ, 4ஏன்னு நம்பர் போட்டிருக்கும், அது இந்தக் கதவோட நம்பர்தான். பாஸ்பரஸ் 1பி, கார்பமேட் 1ஏ, த்ரின் 3ஏ. "பிரிட்"னு முடியிற இமிடாகுளோபிரிட், அசிட்டாமிப்ரிட் 4ஏ, இவங்க 1990கள்ல வந்தவங்க, நிக்கோட்டின் தட்டுற அதே கதவைத் தட்டுறவங்க. ஷ்ராடர் காலத்துல செடிப்பேனுக்குப் புகையிலை நிக்கோட்டின் அடிச்சாங்க, அதுக்கு மாத்து தேடித்தான் அவர் கிளம்பினாரு. சுத்தி சுத்தி அங்கயே வந்திருக்கோம்.

சாய்ஞ்ச கட்டமும் கலரும்

லேபிள்ல வைரம் மாதிரி சாய்ஞ்ச ஒரு சதுரம் இருக்கும், கீழ் பாதியில கலர். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு விஷம் குறையும். சிவப்புல மண்டை ஓடும் விஷம்ங்கிற எச்சரிக்கையும் இருக்கும். எலிக்கு வாய் வழியா குடுத்துப் பாதி எலி சாகுற அளவு, அதாவது எல்டி 50, கிலோ எடைக்கு 50 மில்லிகிராமுக்குள்ள இருந்தா சிவப்பு, 500 வரைக்கும் மஞ்சள், 5000 வரைக்கும் நீலம், அதுக்கு மேல பச்சை. இந்தக் கணக்கு 1927ல ட்ரெவன்னு ஒரு பிரிட்டிஷ்காரர் கொண்டு வந்தது, பூச்சி மருந்துக்குக்கூட இல்ல, இன்சுலின் மாதிரி மருந்தோட வீரியம் அளக்க.

கலரை எப்படிப் படிக்கணும்னா, அது ஒரே தடவை உள்ள போனா என்ன ஆகுங்கிறதை மட்டும்தான் சொல்லுது. டிடிடி இந்தக் கணக்குல பாரத்தியானை விட எவ்வளவோ சாது. பத்து வருஷம் மண்ணுல நிக்குமா, மீன்ல ஏறுமா, தேனீ சாகுமா, அதெல்லாம் அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. பச்சைன்னா சட்டை கழட்டிட்டு அடிக்கலாம்னு நினைக்கிறவங்க எங்க ஊர்லயே நாலு பேரு.

அந்தக் கட்டம் லேபிளுக்கு வந்த கதை கேரளாவுல தொடங்குது. 1958ல கப்பல்ல கோதுமை மாவு மூட்டையும் ஃபாலிடாலும் ஒண்ணா வந்து, ஃபாலிடால் கசிஞ்சு மாவுல இறங்கி, அந்த மாவைச் சாப்பிட்டவங்கள்ல நூறு பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் விசாரணை, கமிட்டின்னு போய் 1968ல பூச்சிக்கொல்லிச் சட்டம், 1971ல விதிகள். லேபிள்ல என்ன இருக்கணும், கலர் எது, முறிவு மருந்து எதுன்னு எல்லாம் அந்த விதியில வந்தது. அரிசி மூட்டைப் பக்கத்துல மருந்து டப்பா வைக்காதேன்னு பெரியவங்க கத்துறது சும்மா இல்ல.

கடைசியா பேருக்குப் பின்னாடி வர்ற ரெண்டு எழுத்து

இசின்னா எண்ணெய் மாதிரி கரைப்பான்ல கரைச்சது, தண்ணியில ஊத்தினா பால் மாதிரி வெள்ளையா விரியும். டிடிடியில இருந்தே இந்தத் தொல்லைதான், தண்ணியில கரையாது, அதனால ஒண்ணு பவுடரா தூவணும், இல்ல நனையுற தூளா கலக்கணும், இல்ல இப்படிப் பாலாக்கணும். டபிள்யூபின்னா நனையுற தூள், டேங்க்கை அப்பப்ப குலுக்கலன்னா அடியில தங்கி நாசிலை அடைக்கும். டிபின்னா தூவுற பவுடர், எஸ்எல்னா தண்ணியிலயே கரையுற திரவம். இசி சரக்குல மூக்கைத் துளைக்கிற வாடை பாதி கரைப்பானோடது, வாடை பலமா இருக்குன்னு மருந்து பலம்னு அர்த்தம் இல்ல. கையில பட்டா தோல் வழியா சீக்கிரம் இறங்குறதும் இந்த எண்ணெய் வகைதான், அதனால மூடியில அளந்து ஊத்துறப்ப கிளவுஸ் போடுங்க, டேங்க்குல கலந்த பிறகு போட்டு என்ன பிரயோஜனம், கெட்டியா இருக்கிறது பாட்டில்லதான்.

எங்க டப்பாவை என்ன பண்ணேன்னு கேப்பீங்க. திறக்கல, புதைக்கல, கிணத்துப் பக்கமே கொண்டு போகல. பழைய பெயின்ட் வாளி ஒண்ணுல டப்பாவோட இறக்கி மூடி போட்டு, மேல மார்க்கர்ல "பிஎச்சி 10%, தொடாதே"ன்னு எழுதி, பூட்டுற ரூம்ல வச்சுட்டு வேளாண்மை ஆபீஸ்ல போய் சொன்னேன். பழசை என்ன பண்றதுன்னு மேல கேட்டுச் சொல்றேன்னாங்க. ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன், இன்னும் பதில் வரல, வாளி அங்கதான் இருக்கு. அப்பா அந்த ரூம் பக்கம் போறப்பெல்லாம் மூக்கைச் சுருக்குறாரு.